விக்டரி கப்பலின் பாய்களில் வெளிச்சம் வரமாட்டேன் என்கிறது, உதவுங்கள்

வரைவது டிரஃபால்கர் கடற்போரில் நெல்சனின் தலைமைக் கப்பலான விக்டரி; 1805 அக்டோபர் 21, நண்பகல். 60×90 செ.மீ. கேன்வாஸ், எண்ணெய் வண்ணம். மேற்கு-வடமேற்கிலிருந்து இளங்காற்று, கப்பல் கிழக்கே போகிறது. ஆகவே கொடிகளும் புகையும் கப்பலின் முன்முனையை நோக்கியே போகவேண்டும் (தலைகீழாக வரைகிறவர்களும் உண்டு!). பார்வை வடக்கிலிருந்து, சூரியன் பாய்களுக்குப் பின்னால்.

சிக்கல் இதுதான்: டைட்டானியம் வெள்ளையில் மஞ்சள் ஓக்கர் கலந்தால் பாய் சுண்ணாம்புச் சுவர்போல் நிற்கிறது. ஜிங்க் வெள்ளை ஒளியை ஊடுருவ விடும்; ஆனால் நாளடைவில் விரிசல் விடும், வேண்டாம். வெளிர் அடுக்கு காய்ந்தபின் ஓக்கரும் பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) மெல்லிய கிளேஸாக (அடிநிறம் தெரியும் பூச்சாக) கொடுத்தால் போதுமா? ஒரு பாயின் நிழல் அடுத்ததில் விழும் இடத்துக்கு என்ன கலவை?

இன்னொன்று: பின்காற்றில் நடுமரத்தின் பெரிய பாய் முன்மரத்துப் பாயின் காற்றை மறைக்கும். அந்தப் பெரிய பாயைத் தூக்கிக் கட்டியதாகக் காட்டலாமா?