விடுப்புச் சொல்லாமல் அடிக்கடி வராதிருத்தல்: சொல் வேண்டும், அவசரம்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
ஓர் ஆலையின் நிலையாணைகளை, அதாவது தொழிலாளருக்கான பணிவிதிகளை, தமிழாக்குகிறேன். வெள்ளிக்குள் தர வேண்டும். இந்தியாவின் 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தையொட்டிய மாதிரி நிலையாணைகளில் ஒழுங்கீனங்களின் பட்டியல் உண்டு. அதில் விடுப்பின்றி 10 நாளுக்கு மேல் வராதிருப்பது ஒரு குற்றம். விடுப்பின்றி வராமலிருப்பதையே பழக்கமாக்கிக்கொள்வது இன்னொன்று. பின்னதற்கு 'ஆப்சென்டீயிசம்' போதுமே என்கிறார் மேலாளர். ஆலை வாசலில் ஒட்டப்போகும் தாள் இது, தொழிலாளிக்குப் புரிய வேண்டாமா?

*மறுமொழி (யாழ்ப்பாணம்):*
வரவின்மை. வருகைப் பதிவேட்டை எங்கள் பாடசாலைகளில் வரவு இடாப்பு என்றுதான் சொல்கிறோம். சமுகமளிக்காமை என்றும் எழுதலாம்.

*மறுமொழி (மதுரை):*
வரவு என்றால் இங்கே வருமானம். 'வரவின்மை தண்டனைக்குரியது' என்று ஒட்டிப் பாருங்கள், சம்பளம் வராததற்கும் நமக்கே தண்டனையா என்பார்கள்.

*மறுமொழி (தஞ்சைப் புலவர்):*
சமுகம் வடசொல், விடுங்கள். 'வாராக்கால் துஞ்சா' என்று 1179ஆம் குறளிலேயே வழி இருக்கிறது: வாராமை. இன்னும் செறிவாக வேண்டுமானால் பணிமடி; மடி என்றால் சோம்பல். மடியின்மைக்கென்றே 61ஆம் அதிகாரம் இருக்கிறதே! மடி, மடிதல், மடங்குதல், மட்டம் எல்லாம் ஒரே வேர் என்பது என் துணிபு. ஆகவே 'மட்டம் போடுதல்' கொச்சையல்ல, தூய தமிழ்.

*மறுமொழி (கோவை, தொழிற்சங்கம்):*
புலவர் ஐயா, அந்தக் குறளில் தூங்காதவை தலைவியின் கண்கள். எங்கள் சூப்பர்வைசர் எவன் வராவிட்டாலும் நன்றாகத் தூங்குவார், பதிலி ஆள் இருக்கிறானே! மடி வேண்டவே வேண்டாம். விசாரணைக்கு முன்பே சோம்பேறி என்று சொல்லே தீர்ப்பெழுதிவிடும். நூற்பாலையில் பஞ்சுத் தூசில் வேலை செய்கிறவனுக்கு வார விடுமுறை முடிந்து வரும் முதல் நாள்தான் நெஞ்சு இறுகி மூச்சு முட்டும். பிசினோசிஸ் என்பார்கள். அவன் திங்கள்கிழமை வரவில்லை என்றால் அது மடியா?

*மறுமொழி (சென்னை):*
அப்போது தொடர்வராமை?

*மறுமொழி (மதுரை):*
அது முதல் குற்றத்துக்குத்தான் பொருந்தும். பத்து நாள் சேர்ந்தாற்போல் வராதவன் தொடர்ந்து வராதவன். நாம் தேடுவது இன்றைக்கு வந்து, நாளைக்கு நின்று, மறுநாள் வருகிறவனுக்கு.

*தொடங்கியவர்:*
சரி, நேரமில்லை. 'விடுப்பின்றி அடிக்கடி வராமை' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நான்கு பேர் சம்மதம், ஒருவர் மௌனம். ஆலை முழுவதற்குமான கணக்கைக் குறிக்க 'வராமை விகிதம்' என்று வைத்துக்கொண்டேன். அதற்கு யாரும் சண்டை போடவில்லை.

*மறுமொழி (தஞ்சைப் புலவர்):*
என் மறுப்பைப் பதிவு செய்க. இது கலைச்சொல் அல்ல, உரை. எத்தனை முறை வராவிட்டால் 'அடிக்கடி' என்று நாளை வழக்கறிஞர் கேட்பார், அப்போது தெரியும். மட்டம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.