சிமுலேட்டருக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சிங்கப்பூரிலிருந்து, திங்கள் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

ஓர் அவசரம். இங்கே ஒரு விமானி பயிற்சி மையத்தில் ஃபுல் ஃபிளைட் சிமுலேட்டர் ஒன்றை, அதாவது தரையில் நின்றபடியே விமானம் போல ஆடி விமானிகளைப் பழக்கும் எந்திரத்தை, புதிதாகப் பொருத்துகிறார்கள். பெட்டி பெட்டியாக வந்து இறங்கிவிட்டது. வேலை செய்யும் தம்பிகளில் பாதிப்பேர் நம்மூர்க்காரர்கள். ராமநாதபுரம், அறந்தாங்கி, மன்னார்குடி. அவர்களுக்கு இரண்டு பக்கப் பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அடுத்த வாரம் அதைத் தாங்கும் ஆறு கால்களுக்கு மின்சாரம் கொடுத்து முதல் தடவையாக அசைத்துப் பார்க்கப் போகிறார்கள்.

ஏற்கெனவே யாரோ செய்த வரைவு ஒன்று கையில் இருக்கிறது. முதல் வரி இது: “முழுப் பறத்தல் உருவகப்படுத்தி இயக்கத்தில் உள்ளபோது இயக்க உறைக்குள் பிரவேசித்தல் தவிர்க்கப்படல் வேண்டும்.” மோஷன் என்வலப்பை உறை ஆக்கிவிட்டார். தபால்தலை ஒட்டாததுதான் குறை.

எனக்கு நான்கு சொற்கள் போதும். சிமுலேட்டர், அது ஆடும்போது எட்டக்கூடிய இடம் முழுவதும், அதாவது அந்த ‘உறை’, ஆறு கால்களில் நிற்கும் மேடை, ஆள் உள்ளே போக இறக்கிவைத்து, ஆட்டம் தொடங்குமுன் தூக்கிவிடும் சிறிய பாலம்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, உறையைவிடப் பெரிய பிழை உருவகப்படுத்தி. மதிமுகம் உவமை, முகமதி உருவகம். உருவகத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். சிமுலேட்டர் விமானம் ஆகிவிடுவதில்லை, விமானம் போல நடந்துகொள்கிறது. ஆகவே அது உவமை. எந்த உவமை? ‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே’ என்று தொல்காப்பியர் உவமவியலைத் தொடங்குகிறார். கண்காட்சியில் நிறுத்தும் அட்டை விமானம் மெய்யுவமம். (மெய் இங்கே வடிவம், உருதான் நிறம். பலர் மாற்றிச் சொல்வார்கள்.) சிமுலேட்டரோ வினையுவமம். வெளியிலிருந்து பார்த்தால் விமானம் மாதிரியே இருக்காது என்று கேள்விப்படுகிறேன், சரிதானே?

எனவே ‘பறப்புப்போலி’. போலி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். அகம் அகன் ஆவது கடைப்போலி, அமச்சு அமைச்சு ஆவது இடைப்போலி. எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் நிற்பதையே நன்னூல் போலி என்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

பெங்களூரிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, 2011-ல் போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் இந்தியாவில் பிடிபட்டார்கள். அந்த ஊரில் போய் ‘எங்கள் விமானிகள் போலியில் பயின்றவர்கள்’ என்று சொல்லச் சொல்கிறீர்களா? நன்னூல் படித்தவர்கள் மட்டும்தான் விமானத்தில் ஏறுவார்கள்.

நான் சிமுலேட்டர் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். வெளியிலிருந்து பார்த்தால் அது விமானம் மாதிரி இருக்காது என்பது சரி. பெரிய வெள்ளை முட்டையை ஆறு கால்களில் நிறுத்தியது போல இருக்கும். உள்ளே போனால் விமானி அறை, ஒரு சுவிட்ச் பிசகாது. நிஜ விமானம் எடுக்கும் ஓட்டத்தை அது நான்கு எட்டு நீளத்துக்குள் எடுத்துக்காட்ட வேண்டும். எப்படி? ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது மேடை சட்டென்று முன்னே தள்ளும். அதோடு அதன் கால் நீளம் தீர்ந்துவிடும். அப்புறம் மூக்கை மெல்ல, உள்ளே இருப்பவர் உணராத அளவுக்கு மெல்ல, மேலே தூக்கும். திரையில் தொடுவானம் நகராது. நம் எடையே முதுகை இருக்கையில் அழுத்தும். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்புக்கு, மெல்லச் சாய்வது எது, வேகம் கூடுவது எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ‘ஓகோ, வேகம் கூடுகிறது’ என்று மூளை முடிவு கட்டிவிடும். தள்ளிய மேடை சத்தமில்லாமல் பழைய இடத்துக்கு நழுவி வருவதை வாஷவுட் என்போம். யாரும் ‘கழுவி வெளியேற்றல்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், செய்தாலும் செய்வீர்கள்.

உவமை, உருவகம் பற்றி ஒன்று. சிமுலேட்டர்களில் ஏ முதல் டி வரை நான்கு நிலைகள் உண்டு. உச்சம் டி. அனுபவமுள்ள விமானி புதிய ரகத்துக்கு மாறும்போது டி நிலையில் மட்டுமே பயின்று உரிமம் பெற வழி இருக்கிறது. அவர் நிஜ விமானத்தை முதன்முதலாக ஓட்டும் நாளில், பயிற்றுநர் பக்கத்தில் இருப்பார்; பின்னால் பயணிகளும் இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் அங்கே ‘போல’ என்கிற உருபு விழுந்துவிட்டது. உங்கள் கணக்கிலேயே டி நிலை உருவகம் அல்லவா?

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மாலை

உவம உருபு தொக்கால் அது உவமைத்தொகை. உருவகம் ஆகாது. ஆனால் அந்த முதுகு அழுத்தும் விஷயத்தை இரண்டு முறை படித்தேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, செவ்வாய் இரவு

பேசாமல் ‘பாவனையாக்கி’ என்று போடலாம் என்று யாராவது எழுதுமுன் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பாவனை என்றால் உபயோகம். நுகர்வோரைப் பாவனையாளர் என்போம், கெட்டுப்போன மாவை மனிதப் பாவனைக்கு உதவாதது என்போம். பறப்புப் பாவனையாக்கி என்றால், பறப்பைப் பாவிக்கிற ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு நிற்போம். தங்கச்சி, உங்கட தொழிலாளர்கள் எல்லாரும் தமிழ்நாடு எண்டால் பிரச்சினை இல்லை. ஆனால் சொல் ஒருமுறை அச்சேறினால் கடல் கடந்து வந்து சேரும்.

கோயம்புத்தூரிலிருந்து, புதன் காலை

ஆங்கிலச் சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு ஏன் சுற்றுகிறோம்? புறநானூறு 27-ல் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருகிறது. ஓட்டுநர் இல்லாத வானூர்தி. ஆளில்லா விமானம் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் இதை மேற்கோள் காட்டுகிறோம். சிமுலேட்டர் இதன் தலைகீழ்: வலவன் இருக்கிறான், ஊர்தி இல்லை. ‘ஊர்தியில் வலவம்’ என்று ஆக்கலாம். நீளம் என்றால் ‘வலவகம்’. ஆறு கால் மேடைக்கு ‘அறுகால் மேடை’. அறுகாற்பறவை என்று வண்டைச் சொன்ன மொழி நம்முடையது. பறப்பைக் கற்றுத் தரும் பொறிக்கு வண்டின் கால்கள், எவ்வளவு அழகு!

பெங்களூரிலிருந்து, புதன் காலை

அந்த ஆறு கால் முதலில் டயரைச் சோதிக்கத்தான் வந்தது ஐயா. கஃப் என்ற பொறியாளர் 1950-களில் செய்தார். 1965-ல் ஸ்டூவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்காக ஒரு வடிவத்தை முன்வைத்துக் கட்டுரை எழுதினார். பெயர் அவருக்குப் போய்விட்டது. வண்டு யாருக்கும் தோன்றவில்லை.

தஞ்சாவூரிலிருந்து, புதன் மதியம்

கோவை நண்பர் ‘பொறி’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டார். சீவக சிந்தாமணியின் பறக்கும் மயிற்பொறியை மறந்துவிட்டோமே. பொறியை வலமாகத் திருகினால் மயில் எழும், இடமாகத் திருகினால் இறங்கும். அரசி விசயை அதில் பறக்கப் பழகுகிறாள். அதாவது நம் இலக்கியத்தில் விமானி பயிற்சி இருக்கிறது, ஆனால் சிமுலேட்டர் இல்லை. அரசி நேரே நிஜ மயிலில்தான் கற்றாள். கருவுற்றிருந்தபோது!

பொறி என்றால் எந்திரம். எலிப்பொறியில் அது வலை. ஐம்பொறியில் புலனுறுப்பு. பெங்களூர் நண்பர் சொன்னதைப் பாருங்கள்: அந்த எந்திரம் புலன்களை வலைவீசிப் பிடிக்கிறது. மூன்று பொருளும் ஒரே சொல்லில் நிற்கின்றன. போலியைக் கைவிடுகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் ‘பறப்புப் பயிற்சிப் பொறி’ என்றால் எதிர்க்க மாட்டேன்.

பெங்களூரிலிருந்து, புதன் மதியம்

பேர்பெற்ற பறப்புப் பயிற்சிப் பொறி ஒன்று இசைக்கருவித் தொழிற்சாலையிலிருந்து வந்தது. அமெரிக்காவின் பிங்காம்டனில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பாவுக்கு ஆர்கன் செய்யும் தொழில். 1929-ல் மகன் ஆர்கனின் துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் வைத்து, நின்ற இடத்தில் சாய்ந்து திரும்பும் குட்டி விமானம் ஒன்றைச் செய்தார். அதற்கு யாரும் பாடல் எழுதவில்லை. சரி, தடம் மாறுகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து, புதன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று மதிய இடைவேளையில் சொற்களை எழுதிக்கொண்டுபோய்த் தம்பிகளிடம் படித்துக் காட்டினேன்.

‘வலவகம்’: வலது பக்கமா அக்கா?

‘பறப்புப்போலி’: சிரித்தார்கள். ஒருவர், “அப்ப இது ஒரிஜினல் இல்லையா, இவ்வளவு காசு குடுத்து வாங்கிருக்காங்க?”

‘அறுகால் மேடை’க்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மன்னார்குடித் தம்பி மெதுவாகக் கேட்டார்: “கால் அறுந்துருமாக்கா?” அந்த மேடைக்கு மேல் நிற்கும் பெட்டி மட்டும் பத்து டன்னுக்கு மேல் இருக்கும். அது நடக்கக்கூடியதுதான். பாதுகாப்புக் குறிப்பில் இதைவிட வேகமாக வேலை செய்யும் சொல் கிடைக்காது. ஆனால் பீதியை உண்டாக்குவது என் வேலை இல்லையே.

‘சிம்’ என்று சுருக்கலாமா என்றேன். “சிம் ஆடும்போது உள்ளே போகாதேன்னா செல்போனைத்தானே பாப்போம்?”

பாலத்துக்கு நான் சொல் சொல்லவே இல்லை. படத்தைக் காட்டினேன். ராமநாதபுரத்துத் தம்பி தட்டிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “தூக்குப்பாலம்.” பாம்பனுக்குப் பக்கத்தில் பிறந்தவர்.

பெங்களூரிலிருந்து, வியாழன் காலை

கெட்டிக்காரத் தம்பி. ஒரு திருத்தம் மட்டும்: சிமுலேட்டரின் பாலம் ஒரு பக்கம் கீலில் மடங்கி எழும். கிட்டத்தட்ட, 1914-ல் வந்த பழைய பாம்பன் தூக்குப்பாலத்தின் ஒவ்வொரு பாதியும் எழுந்தது போல. 2025-ல் திறந்த புதியது மட்டமாகவே மேலே போகிறது. ஆனாலும் சொல் பொருந்தும்.

பாலம் முழுக்க எழுந்து, வாயில் கதவு பூட்டினால்தான் மேடை அசையும். வாயிலைத் திறந்தால் ஆட்டம் நின்றுவிடும். இது ஓடும் சிமுலேட்டருக்கு. பொருத்துகிற காலத்தில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் அரைகுறையாக இருக்கும், அதுதான் ஆபத்து. அதனால் குறிப்பில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: மேடைக்கு அடியில் குனிந்து வேலை செய்பவர், மெயின் சுவிட்சைத் தானே பூட்டி, தன் பெயர் எழுதிய அட்டையை மாட்டி, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மேஸ்திரியிடம்கூடக் கொடுக்கக் கூடாது.

என்வலப்புக்குச் சொல்லே வேண்டாம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருப்பார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து, வியாழன் மதியம்

சொல்லே வேண்டாம் என்பதுதான் எல்லாக் கலைச்சொல் விவாதமும் முடிகிற இடம். மஞ்சள் கோட்டை வைத்துப் பாடநூல் எழுத முடியுமா? ‘வீச்செல்லை’ என்றாவது போடுங்கள். அரிவாள் வீச்சு தெரிந்தவனுக்கு அது புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, வியாழன் மாலை

வீச்செல்லை எங்களுக்கும் விளங்கும். அதற்கு என் ஆதரவு. பறப்புப் பயிற்சிப் பொறிக்கு அரை ஆதரவு, நீளம் கூட.

சிங்கப்பூரிலிருந்து, வெள்ளி மாலை

அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பில் ‘பறப்புப் பயிற்சிப் பொறி’ ஒரே ஒருமுறை வருகிறது. அதற்குப் பிறகு எல்லா இடத்திலும் சிமுலேட்டர்தான். மன்னிக்க வேண்டும். முதல் வரி இப்படி: “தூக்குப்பாலம் மேலே போய்விட்டால் சிமுலேட்டர் ஆடப்போகிறது என்று அர்த்தம். மஞ்சள் கோட்டுக்குள் யாரும் கால் வைக்காதீர்கள்.” அடுத்த வரி சாவி பற்றி. ‘வீச்செல்லை’ இரண்டாம் பக்கத்தில், படத்துக்குக் கீழே இருக்கிறது. மேடை ‘ஆறு கால் மேடை’ ஆகிவிட்டது, இடைவெளி விட்டு.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி இரவு

‘அர்த்தம்’ எதற்கு, ‘பொருள்’ இருக்கிறதே? மற்றபடி நன்று. போலி பற்றி என் கருத்தில் மாற்றமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து, சனி காலை

இரண்டாம் பதிப்பிலாவது சிமுலேட்டரை எடுத்துவிடுங்கள் அம்மா. வலவகத்தைப் பற்றி விரிவாக ஒரு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாளை அனுப்புகிறேன்.

சிங்கப்பூரிலிருந்து, சனி காலை

இரண்டாம் பதிப்பு கிடையாது ஐயா. பொருத்தி முடித்ததும் தம்பிகள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். மடலை அனுப்புங்கள், படிக்கிறேன்.