மாட்டுப்பட்டி நீர்விமானம்: சிறு நிறுவனத்தின் விபத்து வரலாற்றை எப்படிப் பார்ப்பது?

தேவிகுளத்துக்காரன்:
2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியிலிருந்து கிளம்பிய ட்வின் ஆட்டர் நீர்விமானம் மூணாறு அருகேயுள்ள மாட்டுப்பட்டி அணையில் வந்து இறங்கியது. அது சோதனை ஓட்டம்தான் என்றாலும், சேவை தொடங்கினால் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறார். அவருக்கு நீச்சல் தெரியாது. உலகெங்கும் இத்தகைய சேவையை நடத்துபவை பெரும்பாலும் சில விமானங்களே வைத்திருக்கும் சிறு நிறுவனங்கள். ‘இதுவரை விபத்தே இல்லை’ என்று அத்தகைய நிறுவனம் சொன்னால், அதை எந்த அளவுக்கு நம்பலாம்? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலக்காட்டு மெக்கானிக் (விமானப் பராமரிப்பில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):
தம்பி, அந்த ஒரு வரியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். குறைவாகப் பறக்கும் நிறுவனத்துக்கு விபத்து நேராததில் பெரிய சான்று எதுவும் இல்லை. 2017 டிசம்பர் 31 அன்று சிட்னிக்கு வடக்கே ஜெருசலேம் விரிகுடாவில் பீவர் என்ற வகை நீர்விமானம் ஒன்று விழுந்து விமானியும் ஐந்து பயணிகளும் இறந்தார்கள். விசாரணை முடிவதற்கு மூன்று ஆண்டுகள் ஆயின. புகைபோக்கிக் குழாயில் விரிசல். இஞ்சினுக்கும் விமானி அறைக்கும் இடையிலுள்ள தடுப்புத் தகட்டில் சில போல்ட்டுகள் இல்லை. அந்தத் துளைகள் வழியே நுழைந்த கார்பன் மோனாக்சைடு விமானியின் நிதானத்தைக் குலைத்திருந்தது. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் விட்பி தீவருகே பத்துப் பேரைப் பலிகொண்ட ஆட்டர் (ட்வின் ஆட்டர் அல்ல, ஒற்றை இஞ்சின் கொண்ட வேறு வகை) விபத்திலும், வால் சிறகை இயக்கும் பாகத்தில் ஒரு சிறு பூட்டு வளையம் இல்லாததால் மரை கழன்றுவிட்டது. இரண்டுமே பயணியின் கண்ணில் படக்கூடியவை அல்ல. ஆகவே விபத்துகளை எண்ணுவதை விட, ஒவ்வொரு விபத்துக்கும் பிறகு அந்த நிறுவனம் எதை மாற்றியது என்று பாருங்கள். ட்வின் ஆட்டருக்கு இரண்டு டர்பைன் இஞ்சின்கள் இருப்பது, ஒற்றை பிஸ்டன் இஞ்சின் கொண்ட பீவரோடு ஒப்பிட்டால், நல்ல விஷயமே.

குமுளி படகோட்டி:
அம்மாவுக்கு நீச்சல் தெரியாது என்பதால் இதை எழுதுகிறேன். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது எங்கள் ஊரில் யாருக்கும் மறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 29 அன்று கனடாவின் சட்டுர்னா தீவில் ஒரு பீவர் நீரில் விழுந்தது. எட்டுப் பேரில் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். மோதலில் கதவுகள் சிக்கிக்கொண்டன. உயிர்காப்பு அங்கியை யாரும் அணிந்திருக்கவில்லை. எளிதில் கழற்றித் தள்ளக்கூடிய கதவுகள் வேண்டும், பயணிகள் அங்கியை அணிந்தே பறக்க வேண்டும் என்று விசாரணைக் குழு பரிந்துரைத்தது அதற்குப் பிறகுதான்.

ஏறும் முன்பே அங்கியை இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்களா, இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறார்களா என்பதைக் கவனியுங்கள். உள்ளே இருக்கும்போது அதில் காற்றை நிரப்பவே கூடாது, வெளியே வந்த பிறகுதான் அதன் கயிற்றை இழுக்க வேண்டும் என்று அம்மாவிடம் இரண்டு முறை சொல்லி வையுங்கள். காற்று நிரம்பிய அங்கி ஆளைக் கூரையோடு சேர்த்து அழுத்திவிடும்.

தேவிகுளத்துக்காரன்:
இருவருக்கும் மிக்க நன்றி. எங்கள் மலையில் பனிமூட்டம் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. அணையில் யானைகள் நீந்திக் கடப்பதும் உண்டு. அதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பாலக்காட்டு மெக்கானிக்:
மூட்டம்தான் எனக்கும் பெரிய கவலை. 2015 ஜூனில் அலாஸ்காவின் கெட்சிகன் அருகே, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய சுற்றுலாப் பயணிகளை ஏற்றிய ஆட்டர் மோசமான வானிலையில் மலையில் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற அழுத்தமும், அபாயமான வானிலையில் பறப்பதைக் கண்டுகொள்ளாத நிறுவனத்தின் போக்கும் விசாரணை அறிக்கையில் காரணங்களாகப் பதிவாகியுள்ளன. எனவே டிக்கெட் எடுக்கும்போதே, மூட்டத்தால் ரத்தானால் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள். அம்மாவைக் கொச்சியிலிருந்து அழைத்து வருவதாக இருந்தால், அன்று சாலை வழியே திரும்பவும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.