வீட்டுக் குழுவில் அப்பாவின் மீன்தொட்டி

வசந்தி: (படம்) அண்ணா, முரளி, இதைப் பாருங்கள். பெரிய ஏஞ்சல் மீனின் துடுப்பு, வால் எல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி. காலையிலிருந்து கல்லில் போய் உரசிக்கொண்டே இருக்கிறது.

மைதிலி சித்தி: ஐயோ. அக்கா வாங்கினாளே, அதுவா?

வசந்தி: அதேதான் சித்தி. ஜோடியில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

முரளி: வெள்ளைப் புள்ளி நோய். செவுள் வேகமாக அடிக்கிறதா?

வசந்தி: ஆமாம். மேலேயே வந்து நிற்கிறது. இரையைத் தொடவில்லை.

அத்தை: தண்ணீரை மொத்தமாகக் கொட்டு. தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவு. அழுக்குதான் காரணம்.

முரளி: வேண்டாம் அத்தை! ஃபில்டர் பஞ்சில் நல்ல பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை அதுதான் நைட்ரைட்டாக்கி, நைட்ரேட்டாக்குகிறது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கழுவினால் அது செத்துவிடும். அப்புறம் நோயோடு அம்மோனியாவும் சேர்ந்து மீனைக் கொல்லும். கால் பங்கு தண்ணீரை மட்டும் மாற்று வசந்தி, குளோரின் நீக்கி ஊற்று.

அத்தை: சரிப்பா. நான் பழைய ஆள்.

ரவி: அப்பாவிடம் யாரும் சொல்ல வேண்டாம். கண் கட்டு இப்போதுதான் பிரித்தார்கள். குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெரிந்தால் உடனே கிளம்பி வந்து தொட்டியில் கையை விடுவார்.

வசந்தி: பெரிய ஏஞ்சல் எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறாரே அண்ணா, நான் என்ன சொல்ல?

ரவி: நன்றாக இருக்கிறது என்று சொல்.

வசந்தி: என்னால் முடியாது.

முரளி: முதலில் நோயைப் புரிந்துகொள்ளுங்கள். நாம் பார்க்கும் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை மருந்து அதை எட்டாது. வளர்ந்ததும் தானே கழன்று அடிமணலில் விழும். கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரியும். கூடு உடைந்ததும் குட்டிகள் மீனைத் தேடி நீந்தி வரும். ஓரிரு நாளில் மீன் கிடைக்காவிட்டால் செத்துவிடும். மருந்து கொல்வது அந்த நீந்துகிற பருவத்தை மட்டும்தான். அதனால் நாளைக்கே புள்ளி மறைந்தாலும் நிறுத்தக் கூடாது. அது கீழே விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கீதா அண்ணி: சொட்டு மருந்து எட்டு மணிக்கா, ஒன்பதுக்கா? சீட்டு யாரிடம் இருக்கிறது?

மைதிலி சித்தி: மீனுக்கா கீதா?

கீதா அண்ணி: மாமாவின் கண்ணுக்கு சித்தி.

ரவி: சீட்டு என் பையில். எட்டு மணி.

வசந்தி: முரளி, ஏஞ்சலை மட்டும் தனியாக எடுத்து வைக்கட்டுமா?

முரளி: பயன் இல்லை. கூடுகள் மணலில் இருக்கும், மற்ற மீன்களுக்கும் தொற்றியிருக்கும். தொட்டி முழுவதற்கும் வைத்தியம் செய்ய வேண்டும். கார்த்தி, தொட்டியை அளந்து சொல்.

கார்த்தி: 90, 40, 45 செ.மீ. மாமா.

முரளி: 162 லிட்டர். கல், மணல், மேலே விட்ட இடம் போக 140 என்று வைத்துக்கொள். மருந்துக் குப்பியில் போட்டிருக்கும் அளவை 140-க்குக் கணக்குப் போடு. ஆனால் கோரி மீன்களுக்குச் செதில் கிடையாது, மருந்து தாங்காது. முதலில் பாதி அளவு. உப்பும் அவற்றுக்கு ஆகாது.

கார்த்தி: மோலிக்கு?

முரளி: மோலிக்குப் பரவாயில்லை. அது சரி, அப்பா மோலி வளர்க்க மாட்டாரே? அந்த நாலும் எப்போது வந்தன?

கார்த்தி: என் பிறந்தநாளுக்குச் சின்னப் பாட்டி கொடுத்தது.

அத்தை: குழந்தைக்கு ஆசையாகக் கொடுத்தது. அதுவும் இப்போது என் தலையில்தானா?

முரளி: யாரும் அப்படிச் சொல்லவில்லை அத்தை. புது மீனை மூன்று நான்கு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டு விடுவது நல்லது. அவ்வளவுதான்.

அத்தை: அண்ணி போனதும் தொட்டியைக் கொடுத்துவிடலாம் என்றவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

ரவி: அத்தை, அதை எத்தனை முறை பேசுவது? அப்பா தனியாக இருக்கிறார், யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்டேன்.

மைதிலி சித்தி: விடுங்கள். இப்போது அந்த வாயில்லா ஜீவனைப் பாருங்கள்.

முரளி: ஹீட்டரை ஒரேயடியாக ஏற்றாதே வசந்தி. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி வீதம் 30 வரை போகட்டும். சூட்டில் புள்ளிகள் சீக்கிரம் கழன்று வரும், மருந்துக்குச் சீக்கிரம் மாட்டும். ஆனால் சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அதனால் ஏர் பம்ப் இரவும் ஓடட்டும். கடைசிப் புள்ளி போன பிறகும் சில நாள் மருந்தை நிறுத்தாதே.

கீதா அண்ணி: முரளி, ஃபில்டரில் இருக்கும் கரிப் பையை எடுத்தார்களா என்று மாமா கேட்கிறார். எடுக்காவிட்டால் மருந்தை எல்லாம் கரியே உறிஞ்சிவிடுமாம்.

முரளி: அட, அதைத்தான் அடுத்துச் சொல்ல வந்தேன். எடுத்துவிடு வசந்தி. அண்ணி, அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

ரவி: கீதா!

கீதா அண்ணி: நான் சொல்லவில்லை. அவரும் இந்தக் குழுவில்தானே இருக்கிறார்? பிள்ளைகள் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

வசந்தி: அப்பா கோபமாக இருக்கிறாரா அண்ணி?

கீதா அண்ணி: இல்லை. விளக்கை அணைத்துவை, வெளிச்சம் குறைந்தால் ஏஞ்சல் அமைதியாக இருக்கும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போகிறேன் என்றும் சொல்கிறார்.

ரவி: அடுத்த பரிசோதனை முடியாமல் எங்கேயும் இல்லை.

அத்தை: அவர் வீடு, அவர் மீன். வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும். கையைத் தொட்டியில் விடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரவி: டாக்டரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

கார்த்தி: கரிப் பை எடுத்தாச்சு. தெர்மோமீட்டர் 27.

முரளி: தூங்கப் போகும்முன் ஒருமுறை பார்த்துப் படம் அனுப்பு. செவுள் தெரிகிற மாதிரி.

மைதிலி சித்தி: மீனுக்கு எத்தனை மணிக்கு மருந்து?

வசந்தி: தண்ணீர் மாற்றி முடித்ததும் சித்தி.

கீதா அண்ணி: இங்கே எட்டு ஆகிவிட்டது. சீட்டு எந்தப் பையில்?