புதுப்பிப்பு: விஸ்கி பீப்பாய் பீர் ஓலா டூ 12 குடிச்சுப் பாத்தாச்சு

மச்சான் வெளிநாட்டுல இருந்து கொண்டாந்த ஓலா டூ 12-ஐ நம்ம பாளையங்கோட்டை வெக்கைக்கு நல்லா கூலிங் ஏத்தியே குடிக்கணுமா, கூட என்ன தின்னா நல்லாருக்கும்னு கேட்டிருந்தேம்லா, பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி மக்கா.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அரைமணி நேரம் வெளிய வச்சு அகலமான கிளாஸ்ல ஊத்துங்கன்னு ஒரு அண்ணாச்சி சொன்னாவல்லா, அதுதான் சரி. எடுத்த உடனே ஒரு வாய் குடிச்சப்போ கருகின கசப்பு மட்டும்தான், சில்லுனு இருந்தா வாசம் எழும்பாதுல்லா, குளிர் விட்டப்புறம் சாக்லேட், வறுத்த காப்பிக்கொட்டை, லேசா புகை, கடைசில ஓக் மரவாசம்னு ஒண்ணொண்ணா வந்துச்சு பாருங்க, அருமை! 8 சதவீதம் ஆல்கஹால், அதனால மெதுவாத்தான் குடிக்கணும்.

எதிர்பாக்காதது என்னன்னா, அல்வா கூட சேரவே இல்ல, அந்த நெய் நாக்குல படிஞ்சு பீரைச் சப்புனு ஆக்கிருது. சும்மா உடன்குடி கருப்பட்டி ஒரு துண்டு கடிச்சேன், அதோட புகை வாசமும் இதுவும் அப்படிப் பொருந்திப் போச்சு.

என் மார்க் 10-க்கு 8. நுரை சீக்கிரம் அடங்கிருது, அதுக்குத்தான் கொறைச்சேன்.

12 வருஷம் பழைய பீரான்னு கேட்டவங்களுக்கு, இல்ல. ஸ்காட்லாந்து ஹார்வீஸ்டன் ப்ரூவரிக்காரங்க, ஹைலேண்ட் பார்க் 12 வருஷ விஸ்கி இருந்த பீப்பாய்ல அவங்க கருப்பு பீரை ஊற வைக்காங்க, அந்த 12 விஸ்கியோட வயசு.