251 இன்ஜின் ஒன்றுதான் என்றால் டபிள்யூடிஜி-3ஏ மட்டும் ஏன் சரக்கு லோகோ?

பாதையோரம் கேட்டது:

வணக்கம். இந்திய ரயில்வேயின் ஆல்கோ (அமெரிக்க லோகோ நிறுவனம்) வகை டீசல் லோகோக்களின் வரலாற்றை ஒரு கட்டுரைக்காகத் தொகுத்து வருகிறேன். மூன்று இடங்களில் முடிச்சு விழுந்திருக்கிறது.

டபிள்யூடிஎம்-2-இலும் (எம் என்றால் பயணி, சரக்கு இரண்டுக்கும்) டபிள்யூடிஜி-3ஏ-இலும் (ஜி என்றால் சரக்குக்கு) இருப்பது அதே 16 சிலிண்டர் 251 இன்ஜின்தான். சிலிண்டர் அளவும் மாறவில்லை. அப்படியிருக்க 2,600 எச்பி எப்படி 3,100 ஆனது? இது முதல் கேள்வி. அடுத்து, 3,100 எச்பி-யில் டபிள்யூடிஎம்-3ஏ-வும் இருக்கும்போது சரக்குக்கென்று தனியாக ஒரு மாடல் எதற்கு? கடைசியாக, எண் தெரியாத பழைய பக்கவாட்டுப் படத்தில் இந்த லோகோக்களை எதை வைத்துப் பிரித்தறிவது?

ஷெட்மேட்:

முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

251-இன் சிலிண்டர் விட்டம் 9 அங்குலம், ஸ்ட்ரோக் 10.5 அங்குலம். ஒரு சிலிண்டருக்கு ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவு. முழு நாட்ச்சில் (இன்ஜின் வேகத்தைக் கூட்டும் கைப்பிடியின் கடைசிப் படியில்) ஓடும் வேகமும் 1,000 ஆர்பிஎம்-இலிருந்து 1,050-க்குத்தான் ஏறியது. கொள்ளளவு அப்படியே இருக்க, வேகமும் சிறிதே கூடியிருக்க, சக்தியைக் கூட்ட முக்கிய வழி இதுதான்: ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் கூடுதல் டீசலை எரிக்க வேண்டும். டீசலைக் கூட்டுவது சுலபம். அதை எரிக்கும் காற்றைக் கூட்டுவதும், எரிந்தபின் வரும் வெப்பத்தைத் தாங்கவைப்பதும்தான் கடினம். அதனால்தான் மாற்றங்கள் ஒரு தொகுப்பாக வந்தன.

ஃப்யூயல் இன்ஜெக்ஷன் பம்பின் பிளஞ்சர் (டீசலைத் தள்ளும் தண்டு) விட்டம் 15 மி.மீ.-இலிருந்து 17 மி.மீ. ஆனது. இரண்டு மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் பரப்பளவு 28 சதவீதம் கூடுகிறது, அதே கேம் உயர்வில் அவ்வளவு அதிக டீசல் போகிறது. முக்கியமாக, டீசல் குறுகிய நேரத்தில், அதிக அழுத்தத்தில் உள்ளே இறங்கிவிடுவதால் துளிகள் நுண்மையாகி நன்றாக எரிகின்றன.

காற்றுக்கு, செயல்திறன் கூடிய டர்போவும் (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று காற்றை அழுத்தும் கருவி) பெரிய ஆஃப்டர்கூலரும் வந்தன. டர்போ அழுத்தும்போது காற்று சூடாகும். சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு, அதனால் குளிர்வித்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். கேம்ஷாஃப்டில் இன்லெட், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் 123 டிகிரியிலிருந்து 140 டிகிரியானது. அந்த இடைவெளியில் புதுக்காற்று சிலிண்டரைக் கழுவிக்கொண்டு வெளியேறி, பிஸ்டன் தலையையும் எக்ஸாஸ்ட் வால்வையும் குளிர்விக்கிறது. பிஸ்டனுக்கு எஃகுத் தொப்பி வந்தது: மேல்பகுதி எஃகு, கீழே அலுமினியம்.

இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றினால் இன்ஜின் கெட்டுவிடும். பம்ப் 17 மி.மீ., டர்போ பழையது என்று வைத்துக்கொள்ளுங்கள். எரியாத கார்பன் புகையாகக் கொட்டும், எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும், அடுத்துப் போவது வால்வும் டர்போவின் பிளேடுகளும்தான்.

சரக்கு_ரேக்:

மேலே சொன்னதோடு மின்பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர்தான் சக்கர மோட்டார்களுக்கு மின்சாரம் தருகிறது. டபிள்யூடிஎம்-2-இல் அது டிசி ஜெனரேட்டர். அதன் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்களும் ஓயாத பராமரிப்பைக் கேட்பவை, ஃபிளாஷ் ஓவர் (மின்பொறி பாய்வது) ஆகும் அபாயமும் உண்டு. 3,100 எச்பி மாடல்களில் ஏசி ஆல்டர்னேட்டரும் சிலிக்கான் ரெக்டிஃபையரும் வந்தன. சக்கரங்களைச் சுழற்றும் டிராக்ஷன் மோட்டார்கள் டிசி-யாகவே நீடித்தன.

இதில் கட்டுரையில் தவறவிடக்கூடாத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய டிசி ஜெனரேட்டருக்கு பேட்டரி மின்சாரத்தைக் கொடுத்தால் அதுவே மோட்டாராகச் சுழன்று இன்ஜினைக் கிராங்க் செய்துவிடும் (சுழற்றிக் கிளப்பிவிடும்). ஆல்டர்னேட்டரால் அது முடியாது. எனவே புதிய மாடல்களில் ஆக்ஸிலரி ஜெனரேட்டரையும் எக்ஸைட்டரையும் கிராங்கிங் மோட்டாராகப் பயன்படுத்துகிறார்கள்.

இனி உங்கள் இரண்டாம் கேள்வி. சரக்கு வண்டியை அசைப்பது எச்பி அல்ல, தண்டவாளத்தில் சக்கரம் வழுக்காமல் பற்றும் பிடி. எச்பி வேகத்துக்குத்தான். எண்களாகவே பார்க்கலாம்.

டபிள்யூடிஎம்-2-இன் எடை 112.8 டன், தொடக்க இழுவிசை 30.45 டன். அதாவது எடையில் 27 சதவீதம். டபிள்யூடிஜி-3ஏ-இன் எடை 123 டன், தொடக்க இழுவிசை 37.9 டன், எடையில் சுமார் 31 சதவீதம். எடையை மட்டும் கூட்டியிருந்தால் 33 டன்தான் கிடைத்திருக்கும். மீதி ஏறக்குறைய 5 டன் போகியின் (லோகோவுக்கு அடியில் அச்சுகளைத் தாங்கும் சட்டகம்) வடிவமைப்பால் வந்தது. கியரும் மாறியது: 18:65 என்பது 18:74 ஆனது. மோட்டாரில் அதே மின்னோட்டத்துக்குச் சக்கரத்தில் 14 சதவீதம் கூடுதல் திருகுவிசை. விலை, உச்சவேகம் 120 கி.மீ.-இலிருந்து 100-க்கு இறங்கியது. சரக்குக்கு அது இழப்பே இல்லை.

58 பாக்ஸ்என் (மேல் திறந்த) வேகன்கள் கொண்ட நிறைசுமை ரேக் (முழு சரக்கு வண்டி) சுமார் 4,700 டன். 100-க்கு 1 ஏற்றத்தில் அது நின்றுவிட்டால், ஈர்ப்பு மட்டுமே 47 டன் பின்னுக்கு இழுக்கும். நின்ற வண்டியை நகர்த்தும் தடை டன்னுக்கு 4 கிலோ என்று வைத்தால் இன்னும் 19 டன். லோகோக்களின் சொந்த எடைக்கும் சேர்த்தால் 70 டன் அளவுக்கு வரும். இரண்டு டபிள்யூடிஎம்-2 சேர்ந்து தருவது 61 டன்: வண்டி அசையாது, சக்கரம்தான் சுழலும். இரண்டு டபிள்யூடிஜி-3ஏ தருவது சுமார் 76 டன். காய்ந்த தண்டவாளத்தில் கிளம்பிவிடும். மழைத்தூறலில் இந்தக் கணக்கு செல்லாது, அதற்குத்தான் தண்டவாளத்தில் மணல் தூவுவது.

ட்ரைமவுண்ட்:

படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டுமா, பெயர்ப்பலகையையும் நிறத்தையும் விட்டுவிட்டு போகியைப் பாருங்கள்.

டபிள்யூடிஎம்-2, டபிள்யூடிஎம்-3ஏ இரண்டிலும் ட்ரைமவுண்ட் போகி. மூன்று அச்சுகளுக்கு இடையிலான இரண்டு இடைவெளிகளும் சமமாக இருக்காது, ஒன்று குறுகல், ஒன்று அகலம். ஒரு மோட்டார் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில் பொருத்தப்பட்டிருப்பதால் வந்த அமைப்பு அது. அச்சுப்பெட்டிகளுக்கு மேலே, எடையை அச்சுகளுக்குப் பகிரும் நீளமான ஈக்வலைசர் பீம் தெரியும்.

டபிள்யூடிஜி-3ஏ-இன் ஹை அட்ஹீஷன் போகியில் மூன்று மோட்டார்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. இடைவெளிகள் சமம். ஒவ்வொரு அச்சுப்பெட்டிக்கும் தனித்தனியாகச் சுருள்வில் இருக்கும். சரக்கு_ரேக் சொன்ன அந்த 5 டன்னின் ரகசியம் இங்கேதான். லோகோ இழுக்கத் தொடங்கியதும் எடை முன் அச்சிலிருந்து பின்னுக்குச் சாயும். எடை குறைந்த முன் அச்சு முதலில் வழுக்கும், வழுக்கியதும் மொத்த இழுவையும் சரியும். மோட்டார்கள் ஒரே திசையில் இருந்தால் இந்தச் சாய்வு குறையும்.

ஒரு எச்சரிக்கை: டபிள்யூடிஎம்-3டி-யிலும் இதே வகைப் போகிதான். போகியைப் பார்த்த உடனே சரக்கு லோகோ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பாதையோரம்:

மூவருக்கும் நன்றி. என்னிடம் உள்ள படத்தில் ஈக்வலைசர் பீம் தெளிவாகத் தெரிகிறது, இடைவெளிகளும் சமமில்லை, ஆக டபிள்யூடிஜி இல்லை. இன்னொன்று: சில பழைய பட்டியல்களில் டபிள்யூடிஜி-2 என்று ஒரு மாடல் வருகிறதே, அது வேறா? அப்புறம், ஜெனரல் மோட்டார்ஸ் லோகோ சிறந்தது, ஆல்கோவைத் தேர்ந்தெடுத்தது தவறு என்று ஒரு வாதம் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது சரியா?

சரக்கு_ரேக்:

டபிள்யூடிஜி-2-ம் டபிள்யூடிஜி-3ஏ-வும் ஒன்றேதான். 1995-இல் 14501 என்ற எண்ணோடு வந்தபோது டபிள்யூடிஜி-2. பிறகு எச்பி-யைக் குறிக்கும் முறை வந்தது: 3 என்றால் 3,000, ஏ என்றால் கூட 100. டபிள்யூடிஎம்-2சி-யும் இப்படித்தான் டபிள்யூடிஎம்-3ஏ ஆனது. பழைய 2 என்ற எண்ணுக்கும் எச்பி-க்கும் தொடர்பில்லை, அது வரிசை எண். டபிள்யூடிஎம்-2சி, டபிள்யூடிஎம்-3ஏ இரண்டையும் தனித்தனி மாடல்களாக எண்ணி மொத்தத்தைக் கூட்டிய பட்டியல்களை அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

ஜிஎம் விஷயத்தில் 'தவறு' என்பதை நான் ஏற்கமாட்டேன். 1962-இல் ஆல்கோவின் டபிள்யூடிஎம்-2, ஜிஎம்-இன் டபிள்யூடிஎம்-4 இரண்டும் வந்தன, இரண்டும் 2,600 எச்பி. டபிள்யூடிஎம்-4 நல்ல லோகோ, 1969-இல் முதல் ராஜதானியை இழுத்ததும் அதுதான். ஆனால் அது 72-ஓடு நின்றது. ஆல்கோ தொழில்நுட்பத்தைக் கையளித்தது, 1961-இல் வாராணசியில் டிஎல்டபிள்யூ (டீசல் லோகோமோட்டிவ் ஒர்க்ஸ்) தொழிற்சாலை அமைந்தது, 1964 ஜனவரியில் அங்கிருந்து முதல் லோகோ வந்தது. 1969-இல் அமெரிக்காவில் ஆல்கோ லோகோ தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் இங்கே அந்த வடிவமைப்பு வளர்ந்து 3,100 எச்பி-யைத் தொட்டதென்றால், வரைபடமும் தொழிற்சாலையும் நம் கையில் இருந்ததால்தான்.

ஷெட்மேட்:

கட்டுரைக்குப் படம் தேர்ந்தெடுக்கும்போது புகையின் நிறத்தையும் கவனியுங்கள், எல்லாவற்றையும் 'ஆல்கோ புகை' என்று எழுதிவிடுகிறார்கள். நாட்ச் ஏற்றியதும் சில நொடிகள் கரும்புகை வருவது இயல்பு: டீசல் உடனே கூடிவிடும், டர்போ வேகம் பிடிக்கத் தாமதமாகும். ஒரே நாட்ச்சில் நெடுநேரம் கரும்புகை நீடித்தால் காற்று வடிகட்டி அடைப்பு, டர்போ பழுது, இன்ஜெக்டர் நாஸில் கசிவு என்று தேட வேண்டும். நீலப்புகை என்றால் லூப் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்கோ டர்போவின் ஆயில் சீலோ போயிருக்கும். வெண்புகை நிற்காமல் வந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த லோகோவை நெடுநேரம் நிறுத்தியபின் நேரே கிராங்க் செய்தால், அமுங்காத தண்ணீர் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். டீகம்ப்ரஷன் பிளக்குகளைத் திறந்து, இன்ஜினைக் கையால் சுழற்றி, எந்தத் துளையில் தண்ணீர் வருகிறதென்று பார்த்தபிறகுதான் ஸ்டார்ட் செய்வது.