அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை இணைத்ததும் ஸ்பீக்கர் ஊளையிடுகிறது

கேள்வி, வியாசர்பாடி:
வணக்கம். இரண்டு இஎல்84 வால்வுகளை (வெற்றிடக் குழாய்களை), எதிரெதிராக மாறி மாறி இயங்கும் புஷ்-புல் முறையில் வைத்து, வீட்டிலேயே கித்தார் ஆம்ப்ளிஃபயர் கட்டியிருக்கிறேன். உள்ளூரில் கம்பி சுற்றி வாங்கிய டிரான்ஸ்ஃபார்மரில் எந்தக் கம்பி எதற்கு என்ற குறிப்பே இல்லாததால், மீட்டரால் அளந்து, நடுக்கம்பியை பி பிளஸ்ஸுக்கும் (உயர் மின்னழுத்த சப்ளைக்கும்) இரு முனைகளை வால்வுகளின் ஆனோடுகளுக்கும் கொடுத்தேன். வால்வுகள் சூடேறியதும், கித்தாரைச் செருகாதபோதே, ஸ்பீக்கர் ஊளையிடுகிறது. காரணம் என்ன?

பதில், ராயபுரம்:
தம்பி, ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முன்பகுதிக்குத் திரும்பி, உள்ளே வரும் சிக்னலைக் குறைக்கவேண்டிய நெகட்டிவ் ஃபீட்பேக், ஃபேஸ் (அலையின் திசை) மாறி, அதைக் கூட்டும் பாசிட்டிவ் ஆகியிருக்கும். மின்சாரத்தைத் துண்டித்து, ஃபில்டர் கெபாசிட்டர்களில் தேங்கியிருப்பதை வடித்த பிறகு, ஆனோடுக் கம்பிகள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மட்டும் சோதிக்காதீர்கள். ஸ்பீக்கர் என்ற லோடு இல்லாதபோது பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுருளில்) எழும் உயர் மின்னழுத்தம் இன்சுலேஷனையே துளைத்துவிடக்கூடும்.

பதில், பெரம்பூர்:
அவர் சொல்வது சரி. சுற்று விகிதத்தையும் (இரு பக்கச் சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதத்தையும்) பார்த்துவிடுவது நல்லது. டிரான்ஸ்ஃபார்மரைத் தனியே எடுத்து 8 ஓம் ஸ்பீக்கர் பக்கம் 1 வோல்ட் ஏசி கொடுத்தால், 8,000 ஓம் பிரைமரியின் இரு முனைகளுக்கிடையே சுமார் 31.6 வோல்ட் வரவேண்டும். வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கான 6.3 வோல்ட்டையே கொடுத்தால் அது 200 வோல்ட்டை நெருங்கும், கை பத்திரம்.

கேட்டவர்:
ஆனோடுக் கம்பிகளை மாற்றியதும் ஊளை நின்றுவிட்டது, சார். விகிதத்தை ஞாயிற்றுக்கிழமை அளந்து எழுதுகிறேன்.